பதினோராம் இடம்

ஏரிக்கரைச் சுற்றுலா முகாமில் எங்கு பார்த்தாலும் ஆளில்லாத நாற்காலிகள் வெயில் காய்கின்றன. அவள் கணவர் வருஷா வருஷம் கூடாரம் அடித்த பதினோராம் இடத்திலும் ஒன்று கிடக்கிறது; அதன்மேல் ஊத்தைத் துண்டு, கீழே ஈ மொய்க்கும் எலும்புகள், குழந்தையின் அழுக்கு டயப்பர். அவர் இறந்தபின் முதல்முறையாக மகளோடு வந்திருப்பவள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்காங்கம்மா, நாளைக்குத்தான் வருவாங்க. கக்கூஸ் பக்கத்துல ஒண்ணு காலி," என்கிறார் காவலாளி. "ஒரு ராத்திரிதானேம்மா, அங்கேயே இருந்துக்கலாம்," என்கிறாள் மகள். "உங்கப்பா இடத்துல துண்டு காத்து வாங்கும், நான் கக்கூஸ் வாசல்ல படுக்கணுமாக்கும்!" துண்டை இரண்டு விரலால் தூக்கிக் காவலாளியிடம் நீட்டுகிறாள். எலும்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு முதல் முளையை அடிக்கிறாள். காவலாளி ஏரிப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். மகள் வந்து கூடாரத்தின் மறுமுனையைப் பிடிக்கிறாள். எப்போதும் அப்பா பிடிக்கிற முனை அது.