ஈரத் துண்டு

“இங்க நிறுத்தாதீங்க சார்! சூட்டுல அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவாது!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் பரசுராமன் சொல்லி முடிப்பதற்குள் பாஷ்யம் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டான்.

“எல்லா லாரியும் நிறுத்தறதே! நான் மட்டும் அம்மனை அலட்சியம் பண்ணிண்டு போறதா?”

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற சாலையில், ஏரி வளைவில், வேப்பமரத்தடியில் ஒரு கல். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு பாவாடை கட்டியிருந்தார்கள். கண்ணாடி வளையல்களைக் கோத்து மாலையாகப் போட்டிருந்தார்கள். அந்த வழியாகப் போகிற டிரைவர்கள் எஞ்சினை அணைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

பாஷ்யமும் இறங்கிக் கும்பிட்டான். திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை அவன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பியிருக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவன் வாங்கிய நாளிலிருந்து, ‘கல்யாணமானால் மாமியாரை எங்கே உட்கார வைப்பான்’ என்று தெருவே கேலி பண்ணுகிறது. அவனுக்கு அதுவும் பெருமைதான்.

திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தான். மோட்டார் சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை.

“பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிருக்கும் சார். பம்ப்பு ஆறணும். இதுக்குத்தான் அந்தாண்ட ரோட்டுல போலாம்னு தலப்பாடா அடிச்சுக்கினேன்.”

பரசுராமனின் குரலில் எரிச்சலைவிட அவசரம்தான் அதிகம். புழுதிக்காகத் தலையையும் முகத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த துண்டைக்கூட அவிழ்க்காமல் பானெட்டைத் திறந்து குனிந்துகொண்டான்.

உச்சி வெயில். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் கல்லின் மேலிருந்த வளையல்கள் மெல்லக் கிலுங்கின. பாஷ்யத்துக்குப் பிடரி சிலிர்த்தது.

“பம்ப்பு மேல ஈரத்துணி போடணும்.”

சொன்னது பரசுராமன் இல்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நரைத்த தலைக்காரி ஒருத்தி வந்தாள்.

“உங்களுக்கு எப்படிம்மா அது தெரியும்?” பாஷ்யம் ஓரடி பின்வாங்கினான்.

“இதே வண்டிதான் சொல்லிக் குடுத்துச்சு.” அவள் காரைத் தடவினாள். “நான் கெங்கம்மா. ஏரிக்கரையிலதான் ஊடு. அப்போ இது பச்சக் கலரு. நாலு வருசம் முன்னாடி இதே எடத்துல நின்னுக்கினு கெடந்துச்சு. ஓட்டியாந்தவன் ‘தண்ணி குடும்மா, துணி குடும்மா’ன்னு என்னக் கையெடுத்துக் கும்புட்டான். பாவமா இருந்துச்சு. கட்டியிருந்த பொடவயக் கிழிச்சுக் குடுத்தேன். நனச்சுப் போட்டான், கெளம்பிப் போய்ட்டான்.”

“நல்ல காரியம்தானே பண்ணியிருக்கேள்.”

“அவன் போனப்பறம்தான் வாய்க்காலாண்ட போனேன். எம் பொண்ணு கெடந்தா. புல்லறுக்கப் போனவ, தலையில அடிபட்டு... கல்யாணத்துக்கு நாள் பாத்துக்கினு இருந்தோம். அடிச்சவனுக்கு நானே தண்ணி குடுத்து அனுப்பியிருக்கேன், சாமி.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பாஷ்யத்துக்கு. தான் கும்பிட்ட கல் யார் என்று இப்போதுதான் புரிந்தது. அந்தச் சின்னப் பாவாடையை மறுபடி பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“பெருமாளே! அம்மா, சத்தியமா நான் இல்லை. போன மாசம்தான் இதை வாங்கினேன்!”

“தெரியும் சாமி. இது வேற மூஞ்சி. அந்த மூஞ்சி எனக்கு மறக்கல. எல்லாரும் லாரி அடிச்சிருக்கும்னு சொல்லிட்டாங்க. அவன் யாருன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. அதுக்குத்தான் எம் பொண்ணு போற வர்ற வண்டியெல்லாம் இங்க நிறுத்திக்கினு இருக்கா.”

இந்தத் தாய்க்கு எதையாவது செய்தே ஆகவேண்டும் போலிருந்தது பாஷ்யத்துக்கு.

“பரசுராமன்! ரொம்ப வருஷமா உங்க ஷெட்லதானே இந்த வண்டிக்கு ரிப்பேர்? சிவப்புப் பெயிண்ட் அடிச்சதும் நீங்கதானே? நாலு வருஷம் முன்னாடி இதை யார் ஓட்டிண்டிருந்தா? சொல்லுங்கோ!”

பரசுராமன் பானெட்டுக்குள்ளிருந்து நிமிராமலே பதில் சொன்னான்.

“ரைஸ் மில்லு மொதலாளி சார். வேற யாரும் தொட மாட்டாங்க. அவரு போன வருசமே செத்துட்டாரு. உட்டுடுங்க, பேஜாரு வேணாம்.”

கெங்கம்மாள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கிவைத்தாள். தேடித் தேடிக் கடைசியில் கையில் கிடைத்தது வெறும் காற்று. அவள் தோள்கள் தளர்ந்துபோயின.

“செத்துட்டானா? சரி, இன்னா பண்றது. இந்தா சாமி, தண்ணி. துணிய நனச்சுப் போட்டுக் கெளம்புங்க.”

துணிக்கு எங்கே போவது? பாஷ்யம் சட்டென்று கையை நீட்டி, குனிந்திருந்த பரசுராமன் தலையிலிருந்து துண்டை உருவினான்.

“சார், வேணாம்!” என்று பதறி நிமிர்ந்தான் பரசுராமன்.

கெங்கம்மாள் அவனுக்கு வெகு அருகில் வந்தாள். முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“செத்துட்டான்னு சொன்னியேப்பா... தோ, உசுரோட எதுக்க நிக்கிறியே!”