முதுகோடு முதுகு

போனின் மூலையில் பேட்டரிப் படம் சிவப்பாகிவிட்டது.

அவர் அதைத் தொடவே பயந்தார். தொட்டால் திரை விழிக்கும். விழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

உள்ளே மாமியார் படுத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எளிதில் கிடைக்காத ரத்த வகை. ரத்தம் வந்தால்தான் கத்தி வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதில், முகம் தெரியாத யாரோ ஒருவர் தென்காசியிலிருந்து பைக்கில் கிளம்பியிருந்தார். பாளையங்கோட்டை வந்ததும் கூப்பிடுவாராம். வருகிறவரிடம் இருப்பது இந்த ஒரு எண்தான். அவருடைய எண் இங்கே யாரிடமும் இல்லை. அவரை ஏற்பாடு செய்த சபைத் தம்பியோ போனை எடுக்கவில்லை.

சார்ஜர் வீட்டில் இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் அன்போடு ஒரு வயரை நீட்டினாள். நுழையவில்லை. மருந்துக்கடைக்காரரின் வயரும் நுழையவில்லை. அவருடைய போன் பல தலைமுறைகளுக்கு முந்தியது. அந்தப் பழைய சப்பை முனையை உலகம் கைவிட்டிருந்தது.

எதிர் நாற்காலியில் எட்வின்.

சகலை. அவருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவன்.

இருவருக்கும் நடுவில் சொத்துச் சண்டை கிடையாது. போன் சண்டைதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு போன்களும் அருகருகே படுக்கும். இவர் ஒரு கேமரா என்றால் அவன் இரண்டு. இவர் இரண்டு என்றால் அவன் மூன்று. மகளை நர்சிங் சேர்த்த வருஷம் அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

எட்வின் விலகவில்லை. அவனுடைய போனில் மட்டும் வருஷத்துக்கு ஒன்று காணாமல் போனது. முதலில் கழற்றி மாட்டுகிற பேட்டரி. பிறகு மெமரி கார்டு. பிறகு இயர்போன் ஓட்டை. ஒவ்வொன்று குறையும்போதும் விலை கூடியதுதான் அதிசயம். கடைசியாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்த போனில் சிம் போடுகிற இடமே இல்லை.

அடுத்த வருஷம் வெறும் டப்பா வரும் என்றார் அவர். மேசையே சிரித்தது.

அதில் புதிதாக ஒரே ஒரு வித்தை இருந்தது. அதன் முதுகில் இன்னொரு போனை வைத்தால் அதற்கு சார்ஜ் ஏறும். அதையும் அவர் விடவில்லை. மாட்டை மாடு நக்குவது போல் இருக்கிறது என்றார்.

இந்த முறை மாமியாரும் சிரித்துவிட்டாள்.

அன்றோடு எட்வின் அவரிடம் பேசுவதை நிறுத்தினான்.

இப்போது சிம்மைக் கழற்றி அவன் போனில் போட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. கேட்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். போடுகிற இடம் இல்லை.

கண்ணை மூடி ஜெபித்தார்.

ஆண்டவரே, ஏதாவது ஒரு வழி காட்டும். எட்வின் மூலமாக வேண்டாம்.

கண்ணைத் திறந்தபோது எட்வின் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"கவரைக் கழத்துங்க அண்ணாச்சி. தடியா இருந்தா ஏறாது."

அவருடைய பழைய போனுக்கும் அப்படி முதுகு வழியாக சார்ஜ் வாங்கிக்கொள்ளத் தெரியும். கொடுக்கத்தான் தெரியாது.

ஆனாலும் அவர் தயங்கினார். கவருக்குள் ஒரு ரகசியம் இருந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கும் பைபிள் வசனம் அந்த வருஷம் முழுக்க அவரவருக்கு. இந்த வருஷம் மாமியார் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தான் எடுத்த அட்டையை அவர் கையில் வைத்து அமுக்கினாள். மருமவனே, உமக்குன்னு வேண்டிக்கிட்டு எடுத்தேன், சின்னவருகிட்ட மூச்சு விடாதேயும் என்றாள்.

அட்டையை உள்ளங்கையில் மறைத்தபடி கவரைக் கழற்றினார்.

எட்வினும் தன் கவரைக் கழற்றினான். அவனும் எதையோ உள்ளங்கைக்குள் தள்ளினான். அவசரத்தில் அது நழுவித் தரையில் விழுந்தது.

அவருடையதைப் போலவே நீல ஓரம் போட்ட வாக்குத்தத்த அட்டை. மாமியாரின் சபைதான். வசனம் மட்டும் வேறு.

ஆளுக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும்.

அத்தை இரண்டு எடுத்திருக்கிறாள்.

எட்வின் காது சிவந்துபோய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"ஒங்ககிட்டயும் சொல்லப்படாதுன்னாகளா?"

அவர் தலையாட்டினார்.

கவர் இல்லாத போன்கள் இரண்டும் சோப்புக்கட்டி போல வழுக்கின. முதுகோடு முதுகு சேர்த்து, கீழே அவர் கை, மேலே எட்வின் கை என்று பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் விலகினாலும் சார்ஜ் நின்றுவிடும். முழங்கால் முழங்காலில் இடித்தது. இருவரும் குனிந்து, அசையாமல் இருந்தார்கள்.

அவருக்கு மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டார்.

"மூச்சு விடலாம் அண்ணாச்சி."

அந்த வழியாக வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் இவர்களைப் பார்த்ததும் செருப்புச் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்தில் வந்து, கண்ணை மூடி, மெல்ல ஆமென் என்றார்.

இவர்களும் ஆமென் என்றார்கள்.

கைகளுக்கு நடுவே சூடு ஏறிக்கொண்டிருந்தது. யாருடைய சூடு என்று தெரியவில்லை.

போன் அதிர்ந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரி கேட்டு வாசல்ல நிக்கேன். எந்தப் பக்கமா வரணும்?"

இரண்டு பேரும் ஓடினார்கள்.

*

மறுநாள் மாமியார் கண் விழித்தாள். ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகலாம் என்றார்கள்.

அவரைக் குனியச் சொன்னாள். குரல் நூலாக இருந்தது. அட்டை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கு அத்தை என்றார்.

"சின்னவருகிட்ட..."

"மூச்சு விடல."

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, சின்னவரைக் கொஞ்சம் வரச் சொல்லும் என்றாள்.

அவர் வெளியே வந்து எட்வினை உள்ளே அனுப்பினார். கதவை நன்றாகச் சாத்தினார்.

உள்ளே பேசுவது காதில் விழாத தூரத்துக்கு, லிஃப்ட் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.