ஒரே ஒரு மீன்கொத்தி

"விலாவுல குத்துறப்பதான்லா உயிர் போற வலி. முதுகெல்லாம் சும்மா," என்றான் லோகன்.

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி, முதுகு முழுக்கப் படுத்திருந்த புலியை எல்லாருக்கும் காட்டினான். லோரி ஓட்டுகிற அவனுக்கு அந்தப் புலியைக் காட்டுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் மாடிமேல் இருக்கிறது சுகுமாறனின் டாட்டூ கடை. மாதத்தில் ஒரு ஞாயிறு வாடிக்கையாளர்கள் அங்கே கூடுவார்கள். புதிதாகக் குத்தியதைக் காட்டுவார்கள், பட்ட வலியைப் பெருமையடிப்பார்கள். இன்றைக்கு மலர்விழி தன் கணுக்காலில் ஏறுகிற மல்லிகைக் கொடியை நீட்டினாள்.

"நான் அழவே இல்ல, தெரியுமா?"

"பொய்! கீழ் கடை வரைக்கும் கேட்டுச்சு," என்றான் சுகுமாறன்.

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. கையிலிருந்த போனை யாரோ பிடுங்க வருவதுபோல இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இங்க சுகுமாறன்கிறது..."

"நான்தான் ஆன்டி. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. போனை நீட்டினார். "இந்தப் பச்சை உங்க கடையில குத்தினதான்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி."

திரையில் ஒரு முன்கை மட்டும் தெரிந்தது. அதில் நீல நிறத்தில் ஒரு மீன்கொத்தி.

சுகுமாறனின் முகம் மலர்ந்தது. "என் வேலைதான் ஆன்டி! கம்போங் மேடான்ல இருக்கிற திமோத்திக்குப் போட்டது. ஆனா படம் சரியில்லையே. தோலு வீங்கி, கலரெல்லாம் வெளுத்துத் தெரியுது."

"குத்தின அன்னைக்கு எடுத்திருப்பான் பாஸ். எனக்கும் இப்படித்தான் வீங்குச்சு," என்றான் லோகன்.

"திமோத்தி என் பையன்," என்றார் அந்த அம்மா. "என் பேரு செசிலியா."

"அட, திமோ அம்மாவா! எங்க ஆன்டி அவன்? இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தானே?"

"சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டான். போன் அடிச்சா எடுக்கல." அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "இந்தப் பச்சையாலதான் சண்டை. குத்திட்டு வந்து, 'அம்மா, இங்க பாரும்மா'ன்னு கையை நீட்டுனான். நான் பார்க்கக்கூட இல்ல தம்பி. சாத்தான் வேலைன்னு கத்திட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பெத்தவ நான், என்னன்னு ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

"எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் ஆன்டி," என்று மலர்விழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான் அவனே படம் அனுப்பிட்டானே. கோவம் போயி வந்துடுவான்."

செசிலியா கையை விடுவித்துக்கொண்டார். சுகுமாறனையே பார்த்தார்.

"மீன்கொத்தி நிறைய பேரு குத்திக்குவாங்கல்ல? இதே மாதிரி வேற யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

லோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரைப் பார்த்து என்ன கேட்டுட்டீங்க ஆன்டி! பாஸ் ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் போடவே மாட்டாரு. வரைஞ்ச தாளையே நம்ம கண்ணு முன்னால கிழிச்சிடுவாரு. கேட்டுப் பாருங்க, நாங்கெல்லாம் அதுக்காகத்தானே இங்க வர்றோம்!"

"வேற கடையில யாராவது இதைப் பார்த்து..."

"சான்ஸே இல்ல ஆன்டி." சுகுமாறன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "இறக்கையில ஒரு இறகு ஒடிஞ்சிருக்கு பாருங்க. அது அவன் கேட்டு வாங்கினது. சின்ன வயசுல வீட்டுக்குப் பின்னால கால்வாய்க்கு ஒரு மீன்கொத்திக் குருவி வருமாம், ஒரு இறகு ஒடிஞ்சிருக்குமாம். அதைக் காட்டித்தான் எங்கம்மா சோறு ஊட்டுவாங்கன்னான். உங்களுக்காகத்தான் ஆன்டி குத்திக்கிட்டான். உலகத்துலயே இது ஒண்ணுதான்."

செசிலியா பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அந்தக் குருவியை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நல்லா யோசிங்க தம்பி. ஒருத்தருக்காவது போட்டிருப்பீங்க, மறந்திருப்பீங்க," என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

மலர்விழிக்குத் தாங்கவில்லை. சுகுமாறனின் காதருகே குனிந்தாள். "பாவம்ணே. பையனைப் போலவே தானும் குத்திக்கிட்டு அவனைச் சமாதானப்படுத்தலாம்னு வந்திருக்காங்க. உங்க ரூல்ஸைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

"போடுங்க பாஸ்! திமோ வந்து பார்த்தா அப்படியே கட்டிப் பிடிச்சுக்குவான்," என்றான் லோகனும்.

சுகுமாறன் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினான். தொழிலில் அவன் கட்டிக் காத்த ஒரே பிடிவாதம் அது. அதைவிட அந்த அம்மாவின் கண்ணீர் பெரிதாகத் தெரிந்தது.

"சரி ஆன்டி. இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல, உங்களுக்காகச் செய்யறேன். இந்த நிமிஷம் வரைக்கும் அந்தக் குருவி திமோத்தி கையில மட்டும்தான் இருக்கு. இனிமே உங்க கையிலயும் இருக்கும்."

எல்லாரும் கை தட்டினார்கள். லோகன் விசிலே அடித்துவிட்டான்.

செசிலியா கை தட்டியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாம் அவர் பையன் வயதுப் பிள்ளைகள். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. போனை வாங்கி ஓர் எண்ணை அழுத்தினார்.

"இன்ஸ்பெக்டர் சார், செசிலியா பேசுறேன். கிள்ளான் ஆத்துல எடுத்த உடம்பு, முகம் தெரியல, கையில இருக்கிற பச்சையைப் பார்த்துச் சொல்லுங்கன்னு படம் அனுப்புனீங்கல்ல... அது என் பையன்தான் சார். அந்தக் குருவி வேற யார் கையிலயும் இல்லையாம்."