நீக்கியதற்கான காரணம்

பிரசவ வலியை வரவழைக்கும் ஒரு மருந்தைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்துக் கட்டுரையாக்க ஹெப்சிபாவுக்கு இரண்டு வருடம் பிடித்தது. மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் இரண்டு மட்டும், அந்த மருந்து கொடுக்கப்பட்ட பதினோரு தாய்மார்கள் ரத்தப்போக்கில் இறந்ததைச் சொல்லின.

துறைத்தலைவர் சிதம்பரநாதன் அந்த இரண்டையும் பேனாவால் தட்டினார். "இது ரெண்டையும் எடுத்திரும்மா. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"நீக்குற ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணும்னு விதி இருக்கே சார்."

"தரம் குறைவுன்னு போடு. யாரு போய்ப் பார்க்கப்போறா?"

அவள் பார்த்திருந்தாள். முப்பத்தொன்றில் உருப்படியாகச் செய்யப்பட்டவை அந்த இரண்டும்தான். இறந்தவர்களின் வயதுகூட அதில் இருந்தது. பத்தொன்பது, இருபத்திரண்டு, மறுபடியும் பத்தொன்பது. தாள்களை அள்ளிக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள்.

அவர் சொன்னபடியே இரண்டையும் நீக்கினாள். கணினி விசைகளை அவள் தட்டிய தட்டில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். காரணம் என்ற கட்டத்தில், 'துறைத்தலைவர் டாக்டர் சிதம்பரநாதன் எடுக்கச் சொன்னார்' என்று எழுதி, கட்டுரையை மருத்துவ இதழுக்கு அனுப்பினாள். கட்டுரையை எழுதியவர்களில் அவர் பெயரும் இருந்ததால் ஒரு நகல் அவருக்கும் போனது.

சற்று நேரத்தில் அவர் அறைக் கதவு படாரென்று திறந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹெப்சிபா எழுந்திருக்கவில்லை.