நாலாவது நீலத் தொப்பி

பன்னாட்டுப் பள்ளிகள் சங்கத்தின் வட்டார நீச்சல் போட்டியில் கடைசியாக, நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் தொடர் நீச்சல். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரெல்லாம் நெளிகிறது. ஓரத் தடத்துப் பள்ளிக்கு மட்டும் மூன்று பெண்கள்தான். நாலாமவளின் அப்பாவுக்கு மாற்றல்; போன வாரம் குடும்பமே விமானம் ஏறிவிட்டது. மாற்றல் உத்தரவுக்குப் போட்டித் தேதி தெரியுமா என்ன. "நாலு பேர் இல்லாம கணக்குல சேராதே, மாஸ்டர்" என்கிறார் நடுவர். "சேர வேணாம் சார். ஆசைக்கு நீந்திட்டுப் போகட்டும்" என்கிறார் பயிற்சியாளர். அவர் கையில் நாலாவது நீலத் தொப்பி நனையாமலே கசங்குகிறது. விசில் ஒலிக்கிறது. முதல் பெண் போய்த் திரும்பிச் சுவரைத் தொட்டதும் தலையைத் தாழ்த்துகிறாள். இரண்டாமவள் அவளைத் தாண்டிப் பாய்கிறாள். தோழி பாய வழிவிட்டுத் தலை தாழ்த்துவது அவர்கள் தினமும் பழகியது. இரண்டாமவளும் அப்படியே தாழ்த்த, மூன்றாமவள் பாய்ந்து போய்த் திரும்புகிறாள். பக்கத்துத் தடங்களில் நாலாவது ஆட்கள் தொப்பென்று குதிக்க, கூட்டம் காது கிழியக் கத்துகிறது. அவள் சுவரைத் தொடுகிறாள். தொட்ட கையோடு தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு காத்திருக்கிறாள். மேலே, நாலாமவள் பாய வேண்டிய மேடை காலியாக இருக்கிறது. "போதும்மா, ஏறி வா" என்று பயிற்சியாளர் குனிந்து கூப்பிடுகிறார். தண்ணீருக்குள் இருக்கும் காதுக்கு அது எட்டவில்லை.