வராந்தாவின் நீளம்

சகலரும் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியச் செய்தி ஒன்று: வணிகக் கட்டடக் கடன் ஆலோசனைத் துறையில், ஒரே வராந்தாவை ஏழாவது முறையாக அளந்தவர் என்ற பெருமை இந்தப் புதன்கிழமை மாலை நம் ஆலோசகரைச் சேர்ந்தது.

வராந்தா நாற்பத்திரண்டு அடி. போன புதனும் நாற்பத்திரண்டுதான்.

"என்ன சார், வாரா வாரம் வராந்தா வளருதா?" என்றார் கட்டட முதலாளி.

மேலே இரண்டு மாடி எழுப்ப அவருக்குக் கடன் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வங்கியிலிருந்து பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கினார்.

ஆலோசகர் தலையாட்டி வைத்தார். பதினோரு வருடம் பெட்டிக்கடைக்கும் பட்டறைக்கும் கடன் வாங்கிக் கொடுத்துத் தேய்ந்தவருக்கு அகப்பட்ட முதல் பெரிய கிராக்கி இது. இதை நம்பித்தான் விசிட்டிங் கார்டில் 'முதுநிலை' என்று தன்னைத் தானே உயர்த்திக்கொண்டிருந்தார்.

இருந்தும் டேப்பைத்தான் எடுத்தார். லேசர் கருவி பையில் சும்மா கிடந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் அளந்துவிடும். அதனிடம் அவருக்குப் பிடிக்காதது அதுதான்.

டேப்புக்கு மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

வராந்தாவை ஒட்டிய கீபோர்டு இசை வகுப்பின் கதவு திறந்தது. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்த எட்டு வயதுக்காரி, கேட்காமலே டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு கோடிச் சுவரோரம் போய் நின்றாள். முன்பல் போன வாரம் பாதிதான் தெரிந்தது. இப்போது முக்கால்வாசி வந்துவிட்டது.

"அப்பா, அடுத்த புதனும் அளக்கணுமா?"

வங்கிக்காரர்கள் லேசில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். அவள் பெரிய மனுஷி மாதிரி உச்சுக்கொட்டினாள்.

மகளைப் பார்க்க கோர்ட் அவருக்குக் கொடுத்திருப்பது மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். தொழிலையே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன அவள் அம்மா, கீழே காரில் காத்திருப்பாள். ஹாரன் அடிக்க ஐந்து நிமிடம் ஆகும். சில வாரம் ஆறு.

இன்று நாலுதான்.

நுனியை விட்டுவிட்டு அவள் ஓடினாள். டேப் சர்ரென்று சுருண்டு வந்து அவர் விரலில் அடித்தது.

லிஃப்ட் கதவு மூடிக் கொஞ்ச நேரம் கழித்து, நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் கடன் மனுவை அவர் இன்னும் வங்கியில் கொடுக்கவே இல்லை.