அசுத்த ரத்தம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவன் வந்து நின்றால் ஏறிட்டுப் பார்க்கக்கூடத் தெரியவில்லை என்று முணுமுணுத்தார் மாசானம். மூளை செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அவர் மனைவி பிச்சம்மாளை, மூச்சு மெஷினில் போட்டு இதயத்தை மட்டும் ஓடவிட்டு நர்சிங் கல்லூரியில் பாடத்துக்கு வைத்திருந்தார்கள். மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். இவர் அவளை வீட்டுக்குக் கொண்டுபோக வந்திருந்தார்.

மாணவி ஒருத்தி பிச்சம்மாளின் மார்பைத் தொட்டு, "இதயத்தோட வலது பக்கம் அசுத்த ரத்தம்" என்று ஒப்பித்தாள்.

"ஏ பிள்ள, யாருக்கு அசுத்த ரத்தம்? அவ உன்னைவிடச் சுத்தக்காரி!"

பெண்கள் சிரித்தார்கள்.

"கரியமில வாயு கலந்த ரத்தத்துக்கு அதுதான் பேரு தாத்தா," என்ற ஆசிரியை ரெஜினா மாணவிகளிடம் திரும்பினாள். "இப்ப மூச்சைக் குறைக்கேன். வாயு ஏறும், ரத்தம் அமிலமாகும். மணிக்கட்டுத் தமனியில குத்தி ரத்தம் எடுத்துப் பாருங்க."

மெஷினைத் திருகினாள். பிச்சம்மாளின் உதடு நீலம் பாய்ந்தது. ஒரு கை மெல்ல எழுந்து மார்பில் விழுந்தது.

"அவளுக்கு மூச்சு முட்டுது! திறந்து விடுளா!"

"அது தண்டுவடம் பண்ற வேலை தாத்தா. ஒவ்வொரு வகுப்புலயும் இப்படித்தான் கையத் தூக்குவாங்க."

மாசானம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

"கைய விடுங்க, அடுத்த பிள்ள குத்தணும். உயிர் இருந்தா வலிக்குன்னு சொல்ல மாட்டாங்களா?"

"வாயில குழாயச் சொருகிட்டு என்னத்தச் சொல்ல?" என்று கையை விட்டுவிட்டு, அவள் செத்தாள் என்று சொன்ன யாரையும் நம்பாமல், அவளில்லாமலே வெளியே நடந்தார் மாசானம்.